மூன்றாவது டிக்

அந்தக் கதவுக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மேலாளரிலிருந்து தரை துடைக்க வருகிற அம்மாவரை எல்லோருக்கும் அவள் பட்டியலக்கா. அவளைவிட நாலு வயது மூத்த கிடங்குக்காரர்கூட "பட்டியலக்கா, கொஞ்சம் வாங்க" என்பார். ஆரம்பத்தில் முறைத்துப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். முறைப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

கம்பெனி செய்வது தீத்தடுப்புக் கதவுகள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஓட்டல் என்று எங்கே கூட்டம் உண்டோ அங்கெல்லாம் போகும். தீப்பிடித்தால் அந்தக் கதவு மூடியிருந்து புகையை அந்தப் பக்கமே நிறுத்த வேண்டும். ஒரு கதவுக்குப் பலகை, சட்டம், கீல், பூட்டு, கண்ணாடி, மேலே உட்கார்ந்துகொண்டு கதவைத் தானாக இழுத்து மூடுகிற குளோசர் என்று முப்பது சாமான். ஒவ்வொன்றிலும் பல அளவு. எது எதோடு சேரும், எது எதோடு சேரவே கூடாது என்பதற்குத் தனித்தனி விதி. விற்பனைக்காரர் வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து கணினியில் நாலு தட்டுத் தட்டினால் போதும், மென்பொருள் எல்லாவற்றையும் கோத்து ஒரு கொட்டேஷனைக் கையில் கொடுத்துவிடும். பார்க்கிறவர்களுக்கு மாயாஜாலம். அந்த மாயாஜாலத்துக்குள் ஒவ்வொரு கீலையும் ஒவ்வொரு திருகையும் வரிவரியாக எழுதி வைத்தது பட்டியலக்கா. பதினோராயிரம் வரி.

அதையும் ஒரு இடத்தில் எழுதினால் போதாது, மூன்று இடத்தில் எழுத வேண்டும். கம்பெனி முதலில் தன் சொந்த விற்பனைக்காரர்களுக்காக அந்த மென்பொருளை வாங்கியது. பிறகு பெரிய கட்டடக்காரர்களுக்கு வேறு மாதிரி கொட்டேஷன் வேண்டும் என்று அதையே இன்னொரு விதமாக அமைத்தார்கள். பிறகு டீலர்கள் வந்தார்கள், அவர்களுக்கு மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் "இப்போதைக்கு நகல் எடுத்துப் போடுங்க, அப்புறம் ஒண்ணாக்கிக்கலாம்" என்றார்கள். அந்த அப்புறம் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. அதுவரை ஒரு கீலின் நீளம் அரை விரற்கடை மாறினாலும் மூன்று அமைப்புக்குள்ளும் தனித்தனியாகப் போய் மாற்ற வேண்டும். ஆபீசில் அவற்றுக்குப் பெரியவன், நடுவுலவன், சின்னவன் என்று பெயர். மூன்றும் ஒரே மாதிரி பேச வேண்டும். பேசாவிட்டால் ஒரே கதவுக்கு மூன்று விதமாகக் கொட்டேஷன் போகும், பட்டியலக்காவின் தலை உருளும். மூன்று பிள்ளை பெற்றவர்கள்கூட இந்தப் பாடு பட்டிருக்க மாட்டார்கள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

உற்பத்தியை நிறுத்திய சாமானை அவர்கள் அழிப்பதில்லை, தூங்க வைப்பார்கள். அழித்தால் அதை வைத்து முன்பு போட்ட கொட்டேஷனெல்லாம் ஓட்டையாகிவிடும். அதனால் ஒரு குறியைப் போட்டுத் தூங்க வைத்துவிட்டு, இதற்குப் பதில் இது என்று பக்கத்தில் புதுச் சாமானின் எண்ணை எழுத வேண்டும். எழுத மறந்தால் மென்பொருள் சும்மா இருக்காது. வரிசையில் அடுத்து விழித்திருக்கிற சாமானைத் தானே எடுத்துக்கொள்ளும், அது பொருந்துமா என்று யாரையும் கேட்காது. சில மனிதர்களும் இப்படித்தான் என்பதால் பட்டியலக்காவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

செய்த மாற்றத்தையெல்லாம் அவள் நீள நோட்டுகளில் எழுதி வைத்தாள். தேதி, சாமான், என்ன மாற்றம், அதற்குப் பிறகு மூன்று குறுகிய கட்டம். பெரியவனில் மாற்றியாகிவிட்டதா, டிக். நடுவுலவனில், டிக். சின்னவனில், டிக். அந்த நோட்டுகள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க நின்றன. ஆபீசில் எப்பேர்ப்பட்ட சண்டை வந்தாலும் கடைசியில் யாராவது "பட்டியலக்கா நோட்டுல டிக் இருக்கா?" என்பார்கள். இருக்கிறது என்றால் சண்டை முடிந்தது. எதிரில் கத்திக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்.

பத்தொன்பது வருடம் இப்படிப் போயிற்று. வயது ஐம்பத்துநாலு. கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்தது. திரையை இரண்டு மணி நேரம் பார்த்தால் எழுத்துக்கு வால் முளைத்தது. கண் டாக்டர் "திரையைக் குறைங்க" என்றார். எதைக் குறைப்பது? காலையில் எழுந்ததும், திரும்பப் படுத்துக்கொண்டால் என்ன என்றுதான் முதலில் தோன்றும். படுத்தாலும் தூங்கமாட்டாள், கண்ணுக்குள் கீல் ஓடும். சோர்வு என்று சொன்னால் ஒரு நாள் லீவு போடச் சொல்வார்கள். இது லீவு போட்டுத் தீருகிற சோர்வல்ல. கடைசியில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள்.

மேலாளர் நல்ல மாதிரிதான். எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பார், அதனால் அவருக்கு அதுவே பெயர். "சரி சரி, போங்க. ஒரே ஒரு வேலை முடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அந்த ஒரே ஒரு வேலைதான் பன்னிரண்டு வருடமாக வராமலிருந்த அப்புறம். மூன்று அமைப்பையும் ஒன்றாக்கிப் புது மென்பொருளில் ஏற்றப்போகிறார்கள். கணினிக்காரர்கள் மூன்றையும் இயந்திரத்தை வைத்தே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே சாமானுக்கு வேறு வேறு எண், வேறு வரிசை என்பதால் முப்பதாயிரம் வித்தியாசம் என்று பதில் வந்தது. தலையைச் சொறிந்துவிட்டு அவர்களும் பட்டியலக்கா நோட்டிடம்தான் வந்து நின்றார்கள். மூன்று அமைப்பிலும் உள்ள விவரம் ஒன்றே என்று அவள் ஒரு சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் சின்னவனை மட்டும் புதியதில் ஏற்றுவார்கள்; கடைசியாக அமைத்த அதன் வடிவத்தை மட்டும்தான் புதியது படிக்கும். மூன்றும் ஒன்றுதான் என்றான பிறகு மற்ற இரண்டு எதற்கு? அவற்றைத் துடைத்துவிடுவார்கள். நாள் வெள்ளிக்கிழமை. அன்றே அவளுக்கு விடுதலை.

ஒன்றாம் தேதியிலிருந்து அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக இருந்தாள். அக்கா ஆறு வயது மூத்தவள், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தவள், வாய் கொஞ்சம் நீளம். எட்டு மாதத்துக்கு முன் குளியலறையில் விழுந்து முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடமாட்டம். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்கிற அம்மாள் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லியிருந்தாள். அதனால் பட்டியலக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி, ஒவ்வொரு பையாகத் தன் துணிமணியைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வந்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடி "வை வை, எங்கயாவது வை" என்பாள். அக்காவும் தங்கையுமாக, மணியைப் பார்க்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் கிடக்கலாம். இதை நினைத்தால் மட்டும் அவள் கழுத்து வலி கொஞ்சம் இறங்கும்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பிட்டரிடமிருந்து போன் வந்தது. கதவுகளை இடத்துக்குப் போய் மாட்டுகிறவர். சந்தேகம் வந்தால் டீலரிடம் கேட்காமல் நேரே இவளைக் கூப்பிடுவார்.

"பட்டியலக்கா, இங்க ஒரு பாலர் பள்ளியில நிக்கிறேன். டீலர் சப்ளை. போன மாசம் மாட்டின கதவு. இதுக்கு நாலாம் நம்பர் குளோசர் எந்தப் புண்ணியவான் போட்டான்?"

"நாலா? பாலர் பள்ளிக்கா? லேசுக் கதவுக்கு ரெண்டுதானே வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். புலி மாதிரி அறையுதுக்கா. ஒரு பொடிசுக்கு விரல் நசுங்கிப்போச்சு. நகம் போயிடுச்சாம்."

 "பெரிய அடியா?"

"எலும்பு தப்பிச்சது. நான் திருகைத் தளர்த்திவிட்டிருக்கேன், ஆனா அது ரொம்ப நாள் நிக்காது. கொட்டேஷன்லயே நாலுன்னுதான் இருக்கு. டீலர் காகிதத்தைக் காட்டறாரு."

போனை வைத்துவிட்டு, டீலர்களுக்கான சின்னவனைத் திறந்தாள். குளோசரில் நம்பர் கூடக்கூட இழுப்பும் கூடும். பழைய இரண்டாம் நம்பர் குளோசர் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாகப் புது இரண்டாம் நம்பரின் எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. மூன்றாம் நம்பர் அதற்கும் முந்தின வருடமே தூங்கப் போய்விட்டது. மென்பொருள் அடுத்து விழித்திருந்த நாலாம் நம்பரைப் பிடித்துக்கொண்டது. பெரியவனிலும் நடுவுலவனிலும் எல்லாம் சரியாக இருந்தது.

நோட்டை எடுத்தாள். எட்டு மாதத்துக்கு முந்தின பக்கம். குளோசர், இரண்டாம் நம்பர், புதியது. டிக், டிக், டிக். மூன்றும் அவள் கையெழுத்து. தேதியைப் பார்த்தாள். அக்கா விழுந்த நாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், சின்னவனில் பாதி வேலையோடு எழுந்து போயிருக்கிறாள். டிக்கை மட்டும் எப்போது போட்டாள்?

அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்தில் ஒருவரிடமும் சொல்லாத பழக்கம் அது. பெரியவனில் மாற்றுவாள், நடுவுலவனில் மாற்றுவாள், பிறகு பேனாவை எடுத்து மூன்று டிக்கையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, அதற்கப்புறம் சின்னவனுக்குப் போவாள். மூன்று தடவை பேனாவை எடுத்து வைக்கிற நேரம் மிச்சம். எப்படியும் அடுத்த நிமிடம் செய்யப்போகிறதுதானே. போன் வந்தால்? யாராவது கூப்பிட்டால்? கண் இருட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் குடிக்கப் போனால்? திரும்பி வந்து நோட்டைப் பார்ப்பாள். மூன்று டிக் இருக்கும். சரி, முடித்தாயிற்று என்று அடுத்த வரிக்குப் போய்விடுவாள்.

ஒரு நிமிடம், அக்கா விழுந்ததைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்று மனம் குதித்தது. அன்றைக்கு மட்டும் நடந்த தவறு, யாருக்குத்தான் நடக்காது. அந்த மனத்தை நம்பாமல் அவள் நோட்டுகளைக் கலைத்து, கைக்கு வந்த பக்கங்களிலிருந்து இருபது வரியை எடுத்துச் சின்னவனோடு ஒப்பிட்டாள். பதினெட்டு சரி. ஒரு கனமான கதவுக்கு நாலு கீலுக்குப் பதில் மூன்று என்றிருந்தது. ஒரு கண்ணாடியின் தடிமன் பழையது. இரண்டின் தேதியும் அக்கா நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த நாட்கள். இரண்டிலும் மூன்று டிக்.

அவள் எழுந்து கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது. எத்தனை பேரின் வாயை இந்த நோட்டைக் காட்டி அடைத்திருக்கிறாள்! போன வருடம் டீலர் பிரிவில் ஒரு பெண், கண்ணாடி விவரம் தப்பாக இருக்கிறது என்று அழாத குறையாகச் சொன்னாள். நோட்டை விரித்துக் காட்டி அவளை அனுப்பிவைத்தது நினைவுக்கு வந்தது. அது எந்தக் கண்ணாடி என்று அவளுக்கு இப்போது ஞாபகம் இல்லை.

குளோசர் வரியைத் திருத்தச் சரியாக நாலு நிமிடம் ஆனது. கீலையும் கண்ணாடியையும் திருத்த இன்னொரு பத்து. டிக் எதையும் அவள் தொடவில்லை.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பாலர் பள்ளிக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. பத்தொன்பது வருடமாகக் கதவைப் பற்றி எழுதுகிறவள், மாட்டின கதவைப் பார்க்க என்று எங்கேயும் போனதில்லை. ஆபீசில் அவளுக்குக் கதவு என்றால் பதினாலு இலக்க எண்.

பள்ளி ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. தாழ்வான வராந்தா, இடுப்புயரத்தில் வரிசையாகக் கொக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பை. பிட்டர் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. ஒரு மர நாற்காலியை அடைப்பாகக் கொடுத்திருந்தார்கள்.

"நாற்காலியை எடுங்க. தீப்பிடிச்சா கதவு மூடணுமே" என்றாள்.

உள்ளேயிருந்து வந்த டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தீ என்னிக்கோ பிடிக்கும். பிள்ளைங்க விரல் தினமும் இங்கதான் இருக்கு. நீங்க எந்த ஆபீஸ்?"

 பிட்டர் முந்திக்கொண்டு "கம்பெனியிலேர்ந்து பார்க்க வந்திருக்காங்க, டீச்சர். மாத்திக் கொடுத்துடுவோம்" என்றார்.

நாற்காலியை நகர்த்திவிட்டு அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பெரியவளான அவளுக்கே தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. விட்டதும், பிட்டர் தளர்த்திவிட்ட பிறகும்கூட, சட்டத்தில் போய் மோதிய சத்தத்தில் உள்ளே பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். நாலு வயசு இருக்கும், ஒரு பெண் குழந்தை வெளியே வந்து கட்டுப் போட்ட நடுவிரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டியது. "எனக்கு நகமே இல்லையே" என்றது பெருமையாக. "புதுசா வருமாம். ஊசி போட்டப்ப நான் அழலை."

"சும்மா சொல்லுது. தெருவே கூடிப்போச்சு" என்றாள் டீச்சர்.

பட்டியலக்கா குழந்தையின் தலையைத் தடவினாள். வேறென்ன செய்வது? உன் நகத்துக்கு நான்தான் காரணம் என்று நாலு வயசுப் பிள்ளையிடம் சொன்னால் அதற்கு என்ன புரியும். டீச்சரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தம்வரை வேகமாக நடந்தாள்.

அன்று சாயங்காலமும் வியாழன் காலையும் அவள் ஒரே யோசனையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். தெரிந்த மூன்று தவறையும் திருத்தியாகிவிட்டது. இதுவரை டீலர்கள் வழியாக அந்தக் குளோசரும் கீலும் கண்ணாடியும் தப்பாகப் போன இடங்கள் இருபத்துமூன்று. அதைப் பிட்டரிடம் சொல்லிச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடலாம். போட்டால் சனிக்கிழமை காலையில் எழ வேண்டியதில்லை. அக்கா வீட்டு ஜன்னலோரம் படுத்துக்கொண்டு, அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கலாம்.

ஆனால் தெரியாத தவறுகள் எல்லாம் சின்னவனுக்குள்தான் இருந்தன. புதியதில் ஏறப்போகிறவன் சின்னவன். சரியாக இருந்த பெரியவனையும் நடுவுலவனையும் துடைத்துவிட்டால், எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் ஒரு இடம் இருக்காது. அவள் நோட்டுதான் மிஞ்சும். அது மூன்று டிக்கோடு எல்லாம் சரி என்று பொய் சொல்லிக்கொண்டு அலமாரியில் நிற்கும். இன்னும் எத்தனை கதவு எந்தெந்த ஆஸ்பத்திரியில் தப்பாகத் தொங்குகிறதோ.

'நான்தான் கிடைச்சேனா இதுக்கு' என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நகல் எடுத்துப் போடு என்று சொன்னவர்கள் எல்லாம் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர் செய்ய வேண்டியதை ஒருத்தியிடம் கொடுத்தார்கள், அவள் பேனாவை எடுத்து வைக்கிற நேரத்தை மிச்சம் பிடித்தாள். அவ்வளவுதானே? அவ்வளவுதான். ஆனால் டிக் போட்ட கை அவளுடையது.

வியாழன் மதியம் மேலாளர் அறைக்குப் போனாள். மேஜைமேல் சான்று அச்சாகித் தயாராக இருந்தது. அவள் உட்காராமல் நின்றபடியே முதலில் குளோசரைச் சொன்னாள், பிறகு குழந்தையின் விரலைச் சொன்னாள், இருபத்துமூன்று இடத்தின் பட்டியலை மேஜையில் வைத்தாள். மேலாளர் உடனே போனை எடுத்து இருபத்துமூன்றையும் இந்த வாரத்துக்குள் மாற்ற ஆள் அனுப்பச் சொன்னார். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"சரி சரி, நல்லவேளை முன்னாடியே கண்டுபிடிச்சீங்க. திருத்தியாச்சுல்ல? அப்ப நாளைக்குக் கையெழுத்து?"

"சார், மூணாவது டிக்கை நம்ப முடியாது."

"எந்த டிக்கை?"

"எல்லாத்தையும். பன்னிரண்டு வருஷமா நான் சின்னவன்ல செய்யறதுக்கு முன்னாடியே டிக்கைப் போட்டுட்டுதான் செய்வேன். நடுவுல விட்டுப்போயிருந்தா எனக்கே தெரியாது. இருபது வரி எடுத்துப் பாத்தேன். ரெண்டு தப்பு."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். யாரும் காதில் வாங்கிவிடக் கூடாது என்பதுபோல் கண் கதவுப் பக்கம் போனது.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"பாருங்க, நீங்க நாளைக்குப் போறீங்க. ஏத்தினதுக்கு அப்புறம் தப்பு வரவர ஒண்ணொண்ணாத் திருத்திக்கலாம். எல்லா இடத்துலயும் அப்படித்தான் நடக்குது."

"தப்புன்னு எப்படித் தெரியும் சார்? யாருக்காவது நகம் போனாத்தான் தெரியும்."

மேலாளர் சான்றைத் தன் பக்கம் திருப்பி, அதில் எழுதியிருந்ததை முதல் தடவையாகப் படிக்கிறவர்போலப் படித்தார். பிறகு கேட்டார்: "உட்கார்ந்து வரிவரியா ஒப்பிட்டா எத்தனை நாள் ஆகும்?"

"மூணு அமைப்பும் தெரிஞ்ச ஆளா இருந்தா ஆறு மாசம்."

"தெரிஞ்ச ஆளு யாரு இருக்கா?"

கேட்டுவிட்டு அவரே அவளைப் பார்த்தார்.  "வெள்ளிக்கிழமை ஏத்தறதை நிறுத்தச் சொல்றேன். மேல இருக்கறவங்க என்னைக் குதறிடுவாங்க" என்றார் மேலாளர். "உங்க ஓய்வுக் கடிதத்தை என்ன செய்யட்டும்?"

"ஆறு மாசம் தள்ளிப் போட்டுடுங்க சார்."

அவர் சரி சரி என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவள் வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற எண்ணம் ஒரு துளிகூட வரவில்லை. அடித்துப் போட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

போனில் சொல்ல மனம் வரவில்லை. ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டதும் இரண்டு பஸ் மாறிப் போனாள். முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. என்ன சொல்வது என்று வரிசையாக யோசித்துவைத்தாள். பார்த்துக்கொள்கிற அம்மாள் இன்னும் நாலு நாளில் போய்விடுவாள். காலையில் ஆபீசுக்குப் போகும் முன் வந்து அக்காவைக் குளிக்க வைத்துவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரியிடம் மதியம் எட்டிப்பார்க்கச் சொல்லலாம். இரண்டாவது பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள், யோசித்ததில் பாதி மறந்துவிட்டது.

கதவைத் திறந்தது அந்த அம்மாள்தான். மூட்டை கட்டுகிற அடையாளம் எதுவும் இல்லை. சோபாவில் உலர்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், "வாங்கம்மா, டீ போடறேன்" என்று உள்ளே போனாள். அக்கா கட்டிலில் காலை நீட்டி, செய்தித்தாளில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?"

பட்டியலக்கா பையைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டாள். குளோசர், குழந்தை, மூன்றாவது டிக், ஆறு மாதம். வரிசை மாறி, முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. அக்கா விழுந்த நாள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாள்.  "மன்னிச்சிடுக்கா. நீ என்னை நம்பி இருந்தே. திங்கட்கிழமைலேர்ந்து காலையில வந்து உன்னைக் குளிப்பாட்டிட்டு..."

"அதெல்லாம் வேணாம்" என்றாள் அக்கா, பேனாவை மூடியபடி. "அந்தம்மா இருக்காங்க."

"அவங்க மாசக் கடைசியோட போறாங்களே?"

"போகலை. போன வாரமே பேசிட்டேன். அவங்க மகளை அந்தச் சின்ன ரூம்ல தங்க வெச்சுக்கச் சொல்லிட்டேன். வருஷ முடிவு வரைக்கும் இருப்பாங்க."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. சின்ன ரூமில்தான் தன் பைகளை வைத்திருந்தாள். "போன வாரமா? போன வாரம் நான் வர்றதாத்தானே இருந்தது?"

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். கோபம் எதுவும் இல்லை அந்த முகத்தில். "உன் மாமா செத்தப்ப, ரெண்டு மாசத்துல வந்துடறேன்னு சொன்னே. அப்ப ஏதோ டீலர் வேலைன்னே. நான் விழுந்தப்ப, ஆஸ்பத்திரியிலயே என் கையைப் பிடிச்சிட்டு, இனிமே உன் கூடத்தான்னு சொன்னே. எட்டு மாசம் ஆச்சு. நான் கணக்கு டீச்சர்டி."

"இந்தத் தடவை நிஜமாவே வர்றதாத்தான் இருந்தேன்கா."

"தெரியும். ஒவ்வொரு தடவையும் நிஜமாத்தான் சொன்னே."

உள்ளே டீ கொதிக்கிற வாசனை வந்தது. திட்டியிருந்தால் தேவலாம் என்று பட்டியலக்காவுக்கு இருந்தது. வழியெல்லாம் சுமந்துகொண்டு வந்தது இறங்கிவிட்டது, அக்காவை யாரும் கைவிடவில்லை, கவலைப்பட ஒன்றுமில்லை. அதை நினைத்து அவள் நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் அழுகைதான் வந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதாள். அக்கா அவள் முதுகில் கையை வைத்தாள், தட்டிக்கொடுக்கவில்லை, சும்மா வைத்திருந்தாள்.

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏழரை பஸ்ஸை விட்டுடாதே. காலையில உனக்கு ஆபீஸ் இருக்கு" என்றாள்.